கிரேஸ் அக்காவின் சாண்

கிரேஸ் அக்கா போய்விட்டார் என்று செல்வின் போனில் சொன்னபோது நான் கடை வாசலில் ஒருவருக்குப் பைப் அறுத்துக்கொண்டிருந்தேன். செல்வின், நடக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கான நம் மையத்து வேனை ஓட்டுகிறவர். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பாதியில் நின்ற பைப்பை அறுத்து முடித்தேன். பிசிறைத் தேய்த்துக் கொடுத்தேன். ஒட்டுவதற்குச் சொல்யூஷன் டப்பா வேண்டுமா என்று கேட்டேன். வந்தவர் போன பிறகுதான் செல்வின் என்ன சொன்னார் என்று யோசித்தேன். யோசித்தும் ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. அந்த மதமதப்பு இதை எழுதும்போதும் முழுசாக விடவில்லை. கண்ணீரை எதிர்பார்த்து இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். மையத்தில் உங்கள் பிள்ளைகளின் காலையும் இடுப்பையும் பிடித்து நிற்க வைத்தவர், நடக்க வைத்தவர், 'அழுதா அழட்டும், காலைக் கீழ வைக்கட்டும்' என்று உங்களையே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியவர். பாளையங்கோட்டையில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிற எனக்கும் அவருக்கும் இருந்தது பைப் வளைக்கிற சம்பந்தம் மட்டும்தான். பிள்ளைகள் பிடித்து நடக்கிற வாக்கரை நாங்கள் இரண்டு பேரும் பி.வி.சி. பைப்பில் செய்துகொண்டிருந்தோம். அவர் அளவு சொல்லுவார், நான் வளைப்பேன். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். கடைக்காரர் என்பதால் அவர் என்னை அண்ணாச்சி என்பார். கேட்கிறவர்களுக்கு யார் மூத்தவர் என்று கடைசி வரை புரிந்ததில்லை.

இறப்பதற்கு முந்தின நாளும் போன் செய்தார். விக்கிரமசிங்கபுரத்து இசக்கியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். கேட்டிலிருந்து வகுப்பு வரைக்கும் யாரும் தூக்காமல் அவளாக வருவாளா, வருவாள் என்றால் சேர்த்துக்கொள்கிறோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். நடப்பாள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வருஷத்தில் மடமடவென்று வளர்ந்து பழைய வாக்கர் தொடைக்கு வந்துவிட்டது, குனிந்து குனிந்து போகிறாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உயர்த்தியாக வேண்டும். 'மூணு சாண் ஒரு விரக்கடை அண்ணாச்சி. மறந்துராதீங்க' என்றார். என்றைக்கு மறந்தேன் என்று கேட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

முதன்முதலில் அவர் கடைக்கு வந்தது ஒரு கருகிய பைப்போடு. கட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கல்லாப் பெட்டிமேல் வைத்தார். வீட்டு கேஸ் அடுப்பில் காட்டியிருக்கிறார். ஒரு பக்கம் பழுப்பாகப் பொங்கி, வளைத்த இடத்தில் சப்பையாக நசுங்கி, கடை முழுக்க நாற்றம். வளைகிற பைப் வேண்டும் என்றார். அப்படி ஒன்று இல்லை, திருப்பத்துக்கு எல்போ போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். மூலை குத்தியது. 'பிள்ளை தடுமாறி இது மேல விழுந்தா நெஞ்செலும்புல குத்தும். கை தடையில்லாம வழுக்கிட்டுப் போணும். உருண்டையா வளைச்சுத் தாங்க' என்றார். நான் குழாய் போடுகிறவன், வாக்கர் செய்கிறவன் இல்லை என்றேன். அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெறும் பைப்பைச் சூடு காட்டி வளைத்தால் உள்ளே தாங்க ஒன்றும் இல்லாமல் நசுங்கும். மணலை நிரப்பி இரண்டு முனையையும் மூடிவிட்டு வளைக்க வேண்டும். இது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் குறுக்குத்துறையிலிருந்து ஒரு வாளி ஆற்று மணலோடு வந்து நின்றார். தாமிரபரணியில் மணல் அள்ளுகிறவர்களைப் பிடிக்க எத்தனையோ ஆட்கள் இருக்கிறார்கள், அக்காவை மட்டும் ஒருவரும் பிடிக்கவில்லை. மணல் ஈரம். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. நிரப்பி, தட்டி இறுக்கி, மூடியை அடித்து, கடைக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் வைத்துச் சூடு காட்டினோம். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி மூடியைத் தள்ளியது. அது வெடிபோலக் கிளம்பி, சுவரில் இருந்த முருகன் காலண்டரைக் கிழித்துக்கொண்டு போனது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு, 'உங்க சாமிகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்' என்றார்.

அதற்குப் பிறகு மணலை இரும்புச் சட்டியில் வறுத்தோம். கடலை வறுக்கிறவர்கள் வறுப்பதுபோலவேதான். பெரிய கரண்டி ஒன்றை அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்தார். சூட்டோடு மணலைப் பைப்புக்குள் கொட்டினால் அதுவே உள்ளிருந்து இளக்கிவிடும். தீ படாது, கருகாது. வெளியே, சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னைக் கொஞ்சம் காட்டினால் போதும். அதையும் ஒரே இடத்தில் காட்டக் கூடாது. பைப்பைத் திருப்பிக்கொண்டே, மேலும் கீழும் பைய ஓட்ட வேண்டும். பளபளவென்று ஒரு மினுமினுப்பு வரும், வெந்த முருங்கைக்காய்போலத் தொய்யும். அதுதான் பக்குவம். பலகையில் ஆப்புக் கட்டைகளை வளைவாக அறைந்து ஓர் அச்சு வைத்திருந்தேன். அதில் அமர்த்திப் பிடித்தால் வேண்டிய வளைவு கிடைக்கும். ஈரச் சாக்கால் துடைத்தால் இறுகும்.

இறுகும் வரைக்கும் அசையாமல் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் வளைவு கொஞ்சம் விரிந்துவிடும். எனக்குப் பொறுமை கிடையாது. போன் அடித்தால் கையை எடுப்பேன், கடையில் யாராவது கூப்பிட்டால் எடுப்பேன். ஒருநாள் அக்கா எனக்கு எதிரே நின்று ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு, நான் சொல்லுகிற வரை எடுக்காதீர்கள் என்றார். பிறகு, கிறிஸ்தவர்கள் எல்லோரும் சொல்லுகிற பரமண்டல ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நிதானமாக, ஆலயத்தில் சொல்வதுபோல. பாதியில் அன்றாட அப்பம் கேட்கிற இடம் வந்ததும், 'போதும், எடுங்க' என்றார். வளைவு கிண்ணென்று நின்றது.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் கணக்கு. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பம் வரைக்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகி நானும் கூடச் சொல்ல ஆரம்பித்தேன். நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவன் ஷெட்டுக்குள் நின்று ஜெபம் சொல்வதைப் பார்த்துக் கடைக்கு வருகிறவர்கள் விழித்திருக்கிறார்கள். வீட்டில் கழுவு தொட்டிக்குக் கீழே பைப் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாய் தானாக முணுமுணுத்தது. என் மனைவி கரண்டியோடு வந்து நின்று, 'மதம் மாறி வேதத்துக்குப் போயிட்டீங்களா?' என்று கேட்டாள். பாதி வரைக்கும்தான் தெரியும் என்றேன். பாதி வேதம் என்று ஒன்று உண்டா என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் சாக்கு கைநழுவி விழுந்து, அந்த வளைவு வீணாய்ப் போனது.

அளவு விஷயத்தில்தான் நாங்கள் சண்டை போட்டோம். அவர் டேப்பே வைத்துக்கொள்ள மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் நொந்த பிள்ளைகள், டேப்பை நீட்டினாலே ஊசி என்று நினைத்து உடம்பைக் குறுக்கிக்கொள்ளும், குறுக்கிய பிள்ளையை அளந்து என்ன பிரயோஜனம் என்பார். பிள்ளையைச் சுவரோரமாக நிறுத்துவார். எறும்பு ஏறுது, எறும்பு ஏறுது என்று சொல்லிக்கொண்டே தரையிலிருந்து கையை ஒவ்வொரு சாணாக மேலே கொண்டுபோவார். பிள்ளை சிரித்துக்கொண்டு, எறும்பு எதுவரை வரும் என்று பார்க்க, தன்னை அறியாமல் நிமிர்ந்து நிற்கும். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்தி, சாணும் ஒரு விரல் அகலமான விரற்கடையுமாக எனக்குப் போனில் சொல்லுவார்.

சாண் ஆளுக்கு ஆள் மாறும், என் கை வேறு உங்கள் கை வேறு, இஞ்சில் சொல்லுங்கள் என்று கத்தினேன். ஒருநாள் நேரே ஷெட்டுக்கு வந்து, என் வேலைப் பலகையில் கையை விரித்து வைத்தார். 'என் கைதான உங்களுக்கு வேணும்? இந்தா இருக்கு. ஆணிய அடியும் வே' என்றார். அவர் என்னை வே போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான், அவ்வளவு கோபம். பெருவிரல் நுனியில் ஒன்று, சுண்டுவிரல் நுனியில் ஒன்று, இரண்டு ஆணி அடித்தேன். கையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை இல்லை. போனில் சாண் வரும், நான் ஆணிக்கு ஆணி பைப்பை வைத்து அளந்துகொள்வேன்.

இசக்கியின் அம்மா மாரியம்மாள் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு தடவை இசக்கிக்கு அம்மை போட்டிருந்தது. இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்று, பிள்ளை தொட்ட பொருளையெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும் என்று, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறாள். பாய், தட்டு, தம்ளர் எல்லாம் ஆயிற்று. வாக்கரையும் தூக்கி அதில் இறக்கிவிட்டாள். கொதிநீரில் பைப் இளகி வளைவெல்லாம் விரிந்துவிட்டது. பைப்பின் குணம் அது. சூடு கண்டால் மறுபடியும் நேராகப் பார்க்கும். மாரியம்மாள் அதைத் துணியில் சுற்றி, பஸ் ஏறி, ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். மில் வேலைக்குப் போகிற புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளையின் காலை நானே உடைத்துவிட்டேன் என்று சொல்லி அழுதாள்.

அன்று ஷெட்டில் இருந்த அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மஞ்சள் ஏறி வாக்கர் கல்யாணப் பத்திரிகை நிறத்தில் இருந்தது. 'அண்ணாச்சி, இது கெட்டுப் போகலை, பிரிஞ்சிருக்கு. பாவாடைக்கு மடிப்பு வச்சுத் தச்சு, பிள்ளை வளர வளரப் பிரிச்சு விடுவோம்லா? அதே மாதிரி பைப்பையும் பிரிச்சு விடலாம்' என்றார். மாரியம்மாளின் முதுகில் தட்டி, நீ எங்களுக்கு ஒரு வழி காட்டிவிட்டாய் என்று சொல்லி, என்னைக் காபி வாங்கிவரச் சொன்னார்.

அப்படி வந்ததுதான் நம் வழக்கம். உங்கள் எல்லோருக்கும் தெரியும், கோடை விடுமுறையில் வாக்கர்கள் எல்லாம் செல்வின் வேனில் என் ஷெட்டுக்கு வரும். தரையில் சறுக்குகிற அடிப்பாகத்தில் கொஞ்சம் நீளத்தைக் கூடுதலாக மடித்து விட்டிருப்போம். அந்த வளைவைச் சூடாக்கிப் பிரித்து, கொஞ்சம் தள்ளி வளைத்தால் வாக்கர் உயரும். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குச் சிறிசாகிவிட்ட வாக்கர் சாத்தான்குளத்துப் பிள்ளைக்குப் போகும். யாரோ பெரிய மனிதர் பளபளவென்று அலுமினிய வாக்கர்கள் வாங்கித் தந்தபோது அக்கா சால்வையெல்லாம் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மனிதர் கிளம்பியதும், எல்லாம் ஒரே உயரம், பிள்ளைகளும் ஒரே உயரமாகப் பிறந்தால் கொடுக்கலாம் என்றார். அக்கா அடிக்கடி சொன்னது ஒன்று எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'குனிஞ்சு பிடிக்கப் பழக்கிட்டோம்னா பிள்ளை ஆயுசுக்கும் தரையத்தான் பார்க்கும். கொஞ்சம் எட்டிப் பிடிக்கட்டும்.'

அடக்கத்துக்குப் போனேன். உங்களில் பலர் அங்கே அழுதீர்கள். எனக்கு வரவில்லை. முகத்தைப் பார்த்தேன். கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போதகர் ஐயர் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார், எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்பம் வந்ததும் என் இரண்டு கையும் தானாக விலகின. எதையோ பிடித்திருந்ததுபோலவும் விட்டுவிட்டதுபோலவும் விலகின. மற்றவர்கள் மேலே சொல்லிக்கொண்டு போனார்கள். மிச்சம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற செல்வின் என்னைப் பார்த்தார்.

பிறகு ஷெட்டைத் திறக்கவே இல்லை. துக்கம் என்று சொல்ல மாட்டேன். துக்கமாக இருந்திருந்தால் எனக்கே நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டேன், வியாபாரம் பார்த்தேன், இரவில் தூங்கவும் செய்தேன். பின்கட்டுக் கதவை மட்டும் கை திறக்க மாட்டேன் என்றது. மாரியம்மாள் போன் செய்தாள், பார்க்கலாம் என்றேன். மறுபடி செய்தாள், ஆள் இல்லை என்றேன். ஈரச் சாக்குப் பிடிக்க ஆள் இல்லை என்பது பொய் இல்லை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, அவள் போன் செய்யாமல் நேராக வந்துவிட்டாள். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் இசக்கி. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்திருக்கிறார்கள்.

மாரியம்மாள் கெஞ்சவில்லை. 'அக்கா சொன்ன அளவு உங்ககிட்டதான இருக்கு அண்ணாச்சி. வேற யார்ட்ட போய் நான் கேக்க?' என்றாள்.

ஷெட்டைத் திறந்தேன். மணல் சட்டி, கரண்டி, சாக்கு எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. இசக்கியை ஸ்டூலில் உட்கார வைத்தோம். மாரியம்மாள் மணலை வறுத்தாள், என்னைவிட நன்றாகவே வறுத்தாள். அடி வளைவுகளை இளக்கிப் பிரித்து, பைப்பை நேராக்கிப் பலகைமேல் வைத்தேன். ஆணிக்கு ஆணி மூன்று தடவை தள்ளி, ஒரு விரற்கடை கூட்டி, பென்சிலால் கோடு போட்டேன். என் கையை அந்த ஆணிகளுக்கு நடுவே ஒரு தடவை விரித்துப் பார்த்தேன். என் கை பெரியது. ஆணிக்கு வெளியே போய்விட்டது.

ஒரு பக்கம் வளைத்து முடித்து, மறுபக்கமும் சூடு ஏறித் தொய்ந்ததும் அச்சில் அமர்த்திப் பிடித்தேன். அக்கா நிற்கிற இடத்தில் மாரியம்மாள் ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு நின்றாள். ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பக்கம் எப்படியோ முடிந்திருந்தது. இந்தத் தடவை அப்பம் வந்தது, போதும் எடுங்க என்று சொல்ல யாரும் இல்லை. பைப் இறுகிவிட்டது எனக்குத் தெரிகிறது. கை வரவில்லை. இதை எடுத்துவிட்டால் அக்கா சொன்ன கடைசி அளவும் முடிந்துவிடும் என்று தோன்றியது. அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் போனதிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான். மாரியம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாக்கோடு அப்படியே நின்றாள்.

'மாமா, இன்னும் இருக்குல்லா' என்றாள் இசக்கி.

மையத்தில் தினமும் காலையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்கிற ஜெபம் அது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. எனக்குத் தெரியாத மிச்சத்தை அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். நான் பிடித்துக்கொண்டே நின்றேன். ஆமென் சொன்னாள். கையை எடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மணலைக் கொட்டி, வாக்கரைத் துடைத்து, அவள் முன்னால் வைத்தோம். பிடித்து எழுந்தாள். கொஞ்சம் உயரமோ என்றாள் மாரியம்மாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லி வாய் மூடுவதற்குள் இசக்கி முதுகை நிமிர்த்தி, தோளை உயர்த்தி, எட்டிப் பிடித்துக்கொண்டாள். தரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். ஷெட்டிலிருந்து கடை வழியாகத் தெரு வரைக்கும் போனாள். வாக்கர் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. இப்போது பள்ளிக்கூடம் போய் வருகிறாள், கேட்டில் அவளை யாரும் தூக்குவதில்லை.

வாக்கர் வேலை நிற்காது. மையத்தில் புதிதாக வந்திருக்கிற பெண், டேப்பில்தான் அளப்பேன் என்கிறாள், அளக்கட்டும். ஆனால் அந்த இரண்டு ஆணியைப் பிடுங்க மாட்டேன். பலகை உளுத்துப்போனால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து வைத்துக்கொள்வேன். ஜெபத்தின் மிச்சத்தை இசக்கி எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள், இப்போது முழுவதும் தெரியும். இருந்தாலும் பைப்பைப் பிடித்து நிற்கும்போது அப்பம் வரைக்கும்தான் சொல்கிறேன். நானும் அக்காவும் சேர்ந்து சொன்னது அதுவரைக்கும்தான்.